நூற்று நாற்பது குதிரைகளும் ஒரு துவர்த்தும்

1

எங்கள் வீட்டு ஃபிரிட்ஜ் கதவில் ஒரு தாள் ஒட்டியிருக்கிறது. கட்டம் போட்ட தாளில் ஒரு கோடு இடது மூலையில் கிளம்பி, மேலே ஏறி, உச்சிக்குப் போய், கடைசியில் லேசாகக் குனிகிறது. உச்சியில் 139 என்று அச்சாகியிருக்கிறது. அதன் பக்கத்தில் யாரோ பேனாவால் +1 என்று எழுதியிருக்கிறார்கள். வீட்டுக்கு வரும் தமிழ்க்காரர்கள் அதைப் பார்த்ததும் குரலைத் தாழ்த்தி, "எப்ப வந்துச்சு? ஸ்டென்ட் வச்சாச்சா?" என்று கேட்கிறார்கள். ஐம்பத்திரண்டு வயதுக்காரன் வீட்டில் அப்படியொரு கோடு இருந்தால் நெஞ்சுவலி என்றுதானே நினைப்பார்கள். அது என் நெஞ்சு இல்லை, என் மகளுடைய காரின் எஞ்சின் என்று விளக்கிச் சொன்ன பிறகு, அவர்கள் முகத்தில் ஒரு சின்ன ஏமாற்றம் தெரியும்.

இந்த ஆடி மாதத்தோடு நான் ஆரல்வாய்மொழியை விட்டு ஆஸ்திரேலியாவின் அடிலெய்டுக்கு வந்து இருபத்தோரு வருஷம் நிறைகிறது. அதற்கு என்ன செய்யலாம் என்று என் மனைவி பகவதி கேட்டாள். அவள் எங்கள் ஜில்லாவிலேயே கொட்டாரம் ஊர்க்காரி, எதையும் சும்மா விடமாட்டாள். நீ பாயசம் வை, நான் ஊர்க்காரர்கள் படிக்கிறமாதிரி ஏதாவது எழுதுகிறேன் என்றேன்.

"எழுதுதது இருக்கட்டும். மொதல்ல தேங்காயெத் திருவித் தாருங்கோ, உபகாரமா இருக்கும்," என்றாள்.

திருவிக் கொடுத்துவிட்டுத்தான் எழுத உட்கார்ந்திருக்கிறேன்.

2

இங்கே ஒரு மருத்துவமனையில் எக்ஸ்ரே எடுப்பது என் வேலை. அந்த வேலைக்கு ஒரு சட்டம் உண்டு. படத்தில் எதைப் பார்த்தாலும் நோயாளியிடம் வாயைத் திறக்கக் கூடாது. எலும்பு மூன்று துண்டாகக் கிடந்தாலும், "டாக்டர் சொல்லுவார்" என்று சிரித்த முகத்தோடு சொல்லி அனுப்ப வேண்டும். இருபத்தோரு வருஷமாகப் பார்த்தும் பாராததுபோல இருப்பதில் எனக்கு நல்ல பழக்கம் வந்துவிட்டது. இதை ஏன் சொல்கிறேன் என்பது பின்னால் தெரியும்.

பெயர் விஷயத்தையும் சொல்லிவிடுகிறேன். என் பெயர் தாணுமாலயன், அப்பா பெயர் பூதலிங்கம். பாஸ்போர்ட்டில் அப்பா பெயரைக் குடும்பப் பெயர் என்ற கட்டத்தில் போட்டதால், இங்கே எல்லா அலுவலகத்திலும் நான் மிஸ்டர் பூதலிங்கம். ஊரில் அப்பாவைப் பெயர் சொல்லிக் கூப்பிட ஒருத்தருக்கும் தைரியம் கிடையாது. இங்கே வங்கிக் கிளையில் இருபது வயதுப் பையன் "பூதா" என்று நிறுத்தி, மேலே போக முடியாமல் முழிக்கிறான். கெவின் என்று ஒருவரைப் பற்றி இனிமேல் சொல்லப்போகிறேன். அவர் அந்தக் கஷ்டமே வேண்டாமென்று என்னை மிஸ்டர் பூ என்று முடித்துவிட்டார்.

அடுத்தது காற்று. ஆரல்வாய்மொழிக் காற்றைப் பற்றித் தெரியாதவர்கள் யாரும் நம் ஜில்லாவில் இல்லை. ஆனியிலும் ஆடியிலும் மேற்கேயிருந்து கணவாய் வழியாக அது வரும்போது, முப்பந்தலுக்கு சைக்கிளில் போகிறவன் பெடலை மிதிக்க வேண்டாம். திரும்பி வரும்போது சைக்கிளை உருட்டிக்கொண்டுதான் வரவேண்டும். கொடியில் துணியை இரண்டு முடிச்சுப் போட்டுக் கட்டுவோம். காகிதத்தை யாரும் வெறுமனே மேஜைமேல் வைக்க மாட்டார்கள், முழங்கையாவது மேலே இருக்கும். எந்த ஓட்டையிலாவது காற்று நுழைந்து சீட்டி அடித்தால், கையில் அகப்பட்ட துணியை அதில் திணித்துவிட்டுத்தான் மறுவேலை. சீட்டிக்கு அடுத்தது தகரம் ஆடும், தகரத்துக்கு அடுத்தது கூரை போகும். இது யாரும் எனக்குச் சொல்லித் தந்ததில்லை. கொசுவை அடிப்பதுபோல, கை தானாகப் போகும்.

அந்தக் கை என்னோடு விமானம் ஏறி வந்துவிட்டது. நாங்கள் முதலில் வாடகைக்கு இருந்த வீட்டில், தபால்காரர் கடிதம் போடுவதற்கு முன்கதவில் ஒரு நீள ஓட்டை இருந்தது. சீட்டி அடித்தது, அடைத்தேன். ஒரு மாதம் கடிதமே வரவில்லை. நல்ல நாடு, தொந்தரவே இல்லை என்று நினைத்துக்கொண்டிருந்தேன். இந்த முகவரியில் யாரும் இல்லை என்று தபால்காரர் எல்லாவற்றையும் திருப்பி அனுப்பியிருக்கிறார். அதில் எங்கள் குடியுரிமை நேர்காணலுக்கு வரச்சொன்ன கடிதமும் ஒன்று. நாங்கள் ஏன் வரவில்லை என்பதை எழுத்தில் விளக்கச் சொன்னார்கள். பகவதி உட்கார்ந்து, "என் கணவர் காற்றுக்குப் பயந்தவர்" என்று ஒரு பக்கத்துக்கு எழுதினாள். ஏற்றுக்கொண்டார்கள்.

3

எங்களுக்கு ஒரே மகள், சிவகாமி. வயது பதினேழு. எட்டு வயதில் தமிழ்ப் பள்ளிக்கூடத்தை விட்டாள். பத்து வயதில் என்னோடு கடைக்கு வருவதை விட்டாள். பதினைந்தில் பேச்சையே பெரும்பாலும் விட்டுவிட்டாள். ஒரு நாளைக்கு எங்களுக்குள் நடக்கும் பேச்சு இவ்வளவுதான்: நான், "சாப்பிட்டியா?" அவள், "ம்."

பக்கத்து வீட்டுப் பாட்டியம்மா முதியோர் இல்லத்துக்குப் போகும்போது, கொட்டகையில் கிடந்த காரை சிவகாமிக்குக் கொடுத்துவிட்டுப் போனார். என்னோடு ஒத்த வயதுள்ள ஆஸ்திரேலியக் கார். ஆறு சிலிண்டரும் ரயில் பெட்டிபோல ஒரே வரிசையில் நிற்கும் எஞ்சின். இந்த ஊர்க் கிழவர்கள் அந்த எஞ்சினைப் பார்த்தால் தொப்பியைக் கழற்றுகிறார்கள். எனக்கு அது ஒரு பழைய இரும்பாகத்தான் தெரிந்தது.

சனிக்கிழமைகளில் கெவின் என்பவருடைய எஞ்சின் பட்டறையில் சிவகாமி கூட்டிப் பெருக்கப் போனாள். பிறகு கழுவினாள், பிறகு கழற்றினாள். பள்ளிப்படிப்பு முடிந்து பார்மசி படிக்கப் பல்கலைக்கழகத்தில் இடம் கிடைத்தபோது, அரை வருஷம் தள்ளிப்போட்டுவிட்டு அந்தக் காரின் அடியிலேயே குடியிருந்தாள். காற்றையும் பெட்ரோலையும் கலந்து எஞ்சினுக்குள் அனுப்பும் கார்புரேட்டர் ஒன்று இருந்த இடத்தில் மூன்று வைத்தாள்.

"ஒரு மூக்கு போதாதா?" என்று கேட்டேன்.

"ஆறு பேருக்கு ஒரு மூக்குண்ணா எப்படிப்பா மூச்சு விடும்?" என்றாள். அந்த வருஷத்தில் அவள் என்னிடம் தமிழில் பேசிய மிக நீளமான வாக்கியம் அது.

மூன்று மூக்கு வைக்க அரசாங்கத்தின் அனுமதி வேண்டும். நம்மூரில் ஆபீஸ் வாசலில் ஃபாரம் எழுதித்தர ஆள் உட்கார்ந்திருப்பார். இங்கே நாமே எழுத வேண்டும். "மாற்றத்துக்கான காரணம்" என்ற கட்டத்தில் சிவகாமி "வேகம்" என்று எழுதியிருந்தாள். நான் பயந்துபோய் அதை அடித்து "குடும்ப நலன்" என்று எழுதினேன். இரண்டு நாள் கழித்து ஒரு அதிகாரி போன் செய்து, மூன்று கார்புரேட்டரால் எங்கள் குடும்பம் எந்த வகையில் நலம் பெறும் என்று மிக மரியாதையாகக் கேட்டார். போனை சிவகாமியிடம் கொடுத்துவிட்டேன்.

அப்புறம்தான் குண்டு விழுந்தது. கெவின் அவளைப் பட்டறையில் முறைப்படி பயிற்சிக்கு எடுத்துக்கொள்கிறாராம். நாலு வருஷம். பதினெட்டு ஆகாததால் பெற்றோர் கையெழுத்து வேண்டுமாம். பார்மசி வேண்டாமாம்.

பகவதி புளிக்கறி கொதிக்கக் கொதிக்க அடுப்பை அணைத்துவிட்டாள். அவள் யார் பக்கமும் பேசவில்லை. நான் பேச வேண்டியதையெல்லாம் பேசினேன். பார்மசிஸ்ட் என்றால் வெள்ளைக் கோட்டு, ஏசி அறை. பட்டறை என்றால் கிரீஸ். ஊரில் கேட்டால் என்ன சொல்வேன்? சிவகாமி ஒரு தாளை நீட்டினாள். நிறையக் கணக்குகள். போன வருஷம் அளந்தபோது எஞ்சின் சக்கரத்துக்குக் கொடுத்தது எண்பத்தொரு குதிரைசக்தி. அவள் வேலைக்குப் பிறகு நூற்று நாற்பது கொடுக்கும் என்று எழுதி, கீழே இரண்டு கோடு போட்டிருந்தாள்.

ஐம்பது வயதுக்குமேல் யாரும் எண்பதிலிருந்து நூற்று நாற்பதுக்குப் போவதில்லை. இது என் சொந்த அனுபவம். அந்த நம்பிக்கையில் சொன்னேன்: "சரி மக்களே. நூத்தி நாப்பது குதிரெ வந்தா கையெழுத்து போடுதேன். வரலண்ணா நீ பார்மசிக்குப் போணும். சம்மதமா?"

"சம்மதம்," என்றாள்.

பகவதி அடுப்பை மறுபடி பற்றவைத்தாள்.

4

அளக்கும் நாள் சனிக்கிழமை. முந்தின நாள் வண்டிக்குப் பெட்ரோல் போட நான் எடுத்துக்கொண்டு போனேன். நெடுஞ்சாலையில் ஏறி வேகம் பிடித்ததும், முன்னாலிருந்து ஒரு சீட்டிச் சத்தம். எனக்கு முதுகு நிமிர்ந்தது. வேகம் கூடக்கூட சீட்டியும் கூடியது. ஆடி மாதத்து மேற்கு ஜன்னல் அப்படியே பேசியது.

பெட்ரோல் பங்க்கில் குனிந்து பார்த்தேன். முன்பக்கக் கம்பிக்குப் பின்னால் ரப்பர் குழாய் ஒன்று வாயைப் பிளந்துகொண்டிருந்தது. உள்ளங்கை நுழையும் அகலம். மூடி வைக்க மறந்துவிட்டாள் என்று நினைத்தேன். அந்தக் குழாயைப் பற்றி சிவகாமி புதன்கிழமை எனக்கு ஆங்கிலத்தில் விளக்கியிருந்தாள். அவள் வேகமாகச் சொல்லும் ஆங்கிலத்துக்கு நான் தலையாட்டுவதோடு சரி.

வண்டிக்குள் என் துவர்த்து கிடந்தது. குளித்துத் தலை துவட்டும் மெல்லிய துண்டு. வருஷத்துக்கு ஆறு, ஊரிலிருக்கும் அக்கா வடசேரிக் கடையில் வாங்கி அனுப்பிவிடுவாள். அதைச் சுருட்டி, இரண்டு விரலால் குழாய்க்குள் நாலு விரல் ஆழத்துக்குத் திணித்தேன். வெளியே நுனி தெரியும்படி வைத்தால் காற்று பிடுங்கிக்கொண்டு போய்விடும் என்பது ஆரல்வாய்மொழியில் குழந்தைக்கும் தெரியும். திரும்பி வரும்போது சத்தமே இல்லை. மகள் கவனிக்காத ஒரு வேலையை நான் செய்து முடித்த சந்தோஷத்தில் ஒரு பாட்டுகூட முணுமுணுத்தேன்.

மறுநாள் காலை வண்டியை சிவகாமிதான் ஓட்டினாள், உள் தெருக்கள் வழியாக, மெதுவாக.

"வண்டி அமைதியா இருக்குல்லா?" என்றேன்.

"ம்," என்றாள்.

5

டைனோ என்பது காரை நின்ற இடத்திலேயே ஓடவிட்டு அளக்கும் இயந்திரம். நம்மூர் ஆஸ்பத்திரியில் நெஞ்சில் வயரை ஒட்டி ட்ரெட்மில்லில் ஓடச் சொல்வார்களே, அதேதான். தரையில் பதித்த உருளைகள்மேல் பின் சக்கரங்களை ஏற்றி, நாலு பக்கமும் பட்டை போட்டு இழுத்துக் கட்டி, ஆக்சிலேட்டரைக் கடைசி வரை மிதிப்பார்கள். சக்கரம் உருளையை எவ்வளவு பலமாகச் சுற்றுகிறது என்பதை வைத்து இத்தனை குதிரை என்று கம்ப்யூட்டர் சொல்லும். வண்டி ஓடினாலும் முகத்தில் காற்று அடிக்காது என்பதால், முன்னால் ஓர் ஆளுயர மின்விசிறியை வைத்துவிடுகிறார்கள்.

கெவின் அறுபது வயதுக்காரர், குட்டை, காதில் எப்போதும் பென்சில். எங்களுக்குப் பன்னிரண்டிலிருந்து மூன்று மணி வரை நேரம். மூன்றுக்கு வேறொரு வண்டி வந்துவிடும். கெவின் விசிறியைப் போட்டார். நான் அனிச்சையாகச் சட்டையின் முன்பக்கத்தைப் பிடித்துக்கொண்டேன். அவ்வளவு காற்றிலும் வண்டியிலிருந்து ஒரு சீட்டிகூட வரவில்லை. மனசுக்குள் என்னையே மெச்சிக்கொண்டேன்.

சிவகாமி மிதித்தாள். பட்டறை அதிர்ந்தது. எஞ்சின் ஆரம்பத்தில் நன்றாகத்தான் கிளம்பியது, பாதி வழியில் தொண்டை கட்டியதுபோல இருமி, இழுத்து, அடங்கியது. திரையில் தொண்ணூற்று நாலு.

கெவின் பென்சிலை எடுத்தார். பெட்ரோல் கூடுதலாகப் போகிறது, காற்று போதவில்லை என்றார். கார்புரேட்டருக்குள் பெட்ரோல் வரும் சின்னத் துளைகளை மாற்றினார்கள். முக்கால் மணி நேரம் அதில் போயிற்று. மறுபடி மிதித்தாள். தொண்ணூற்று ஆறு. வேறு எதையோ திருகினார்கள். தொண்ணூற்று ஐந்து.

உண்மையைச் சொல்லிவிடுகிறேன். நான் மூலையில் ஒரு டயர்மேல் உட்கார்ந்து, முகத்தைச் சோகமாக வைத்துக்கொண்டு, மனசுக்குள் ஆறுதல் உரை தயார் செய்துகொண்டிருந்தேன். "வாழ்க்கையில் இதெல்லாம்" என்று ஆரம்பிக்கும் உரை. வெள்ளைக் கோட்டில் சிவகாமி எப்படி இருப்பாள் என்றும் பார்த்துக்கொண்டேன். நன்றாக இருந்தாள்.

ஒன்றரை மணிக்குக் கெவின் சாப்பாடு வாங்கப் போனார். சிவகாமி தரையில் உட்கார்ந்து தன் கணக்குத் தாளை முதலிலிருந்து படிக்க ஆரம்பித்தாள். நான் டீ பிளாஸ்கை எடுத்துக்கொண்டு வெளியே வந்தேன்.

6

அப்போது போன் அடித்தது. ஆரல்வாய்மொழியிலிருந்து செண்பகம் அக்கா, வீடியோவில். அங்கே காலை ஒன்பதரை. முகம் தெரியவில்லை, முடிதான் தெரிந்தது.

"ஏலே தாணு, கேக்குதா? இஞ்ச காத்து பிச்சுக்கிட்டு போகுது. டாங்கு மூடியெக் காணல்ல. முப்பந்தலுக்குப் போயிருக்கும்."

"கேக்குது அக்கா. சொல்லு."

"என்ன? நீ சொல்லுதது ஒண்ணும் கேக்க மாட்டேங்கு. இந்த ஜன்னலு சீட்டி அடிக்கு. பொறு, அடைச்சிட்டு வாறேன்."

போனைச் சாய்த்து வைத்துவிட்டு அக்கா ஒரு துவர்த்தைச் சுருட்டினாள். ஜன்னல் மரச்சட்டத்து ஓட்டையில் இரண்டு விரலால் திணித்தாள், நாலு விரல் ஆழத்துக்கு. சத்தம் நின்றது. திரையில் பறந்துகொண்டிருந்த காலண்டர் தாள் தொங்கிவிட்டது. அந்த அறையில் காற்றே இல்லை.

நேற்று நான் அடைத்த ரப்பர் குழாய் ஞாபகத்துக்கு வந்தது.

"இப்பம் சொல்லு. பிள்ளெ என்ன செய்யுதா? மருந்துப் படிப்புக்குச் சேந்தாளா?"

அப்புறம் கூப்பிடுகிறேன் என்று சொல்லி வைத்துவிட்டேன்.

பட்டறை முற்றத்தை எத்தனை தடவை சுற்றினேன் என்று தெரியாது. காற்று போதவில்லை என்று கெவின் சொன்னாரே. காற்று எப்படிப் போதும்? அந்த மூன்று மூக்குக்கும் காற்று போகும் ஒரே குழாயில் என் துவர்த்து இருக்கிறது. உடனே உள்ளே ஓடியிருக்க வேண்டும். நான் ஓடவில்லை. கெட்ட எண்ணத்தோடு செய்யவில்லையே என்று நினைத்தேன். யாரும் என்னைக் கேட்கவில்லையே என்று நினைத்தேன். இருபத்தோரு வருஷப் பழக்கம் துணைக்கு வந்தது. பார்த்ததைச் சொல்லாமலிருப்பது என் தொழில். டாக்டர் சொல்லுவார். இன்னும் ஒரு மணி நேரம் போனால் நேரம் முடிந்துவிடும், அதன்பிறகு வீட்டில் அந்தத் துணியை நானே மெதுவாக உருவிவிடலாம். என் மகள் பார்மசிஸ்ட் ஆகிவிடுவாள். யாருக்கு என்ன நஷ்டம்?

வெட்கமாகத்தான் இருக்கிறது. ஆனாலும் எழுதுகிறேன்.

படியில் உட்கார்ந்து டீயை ஊற்றினேன். சிவகாமி வந்து பக்கத்தில் உட்கார்ந்தாள். அவள் அழவில்லை. மூக்கில் கிரீஸ் இருந்தது.

"அப்பா, டீ இருக்கா?"

கொடுத்தேன்.

"நான் கணக்கெத் தப்பா போட்டிருக்கேன் போல. எங்கேன்னு தெரியல. மூணு தடவெ பாத்துட்டேன்." ஒரு வாய் குடித்தாள். "திங்கக்கெழமை யூனிவர்சிட்டிக்கு எழுதிருதேன். நீ சொன்னது சரிதான்."

நீ சொன்னது சரிதான். பதினேழு வருஷமாக அவள் வாயிலிருந்து கேட்க நான் ஆசைப்பட்ட வாக்கியம் அது. கேட்டதும் டீ பிளாஸ்கை மூடிக் கீழே வைத்தேன்.

"மக்களே," என்றேன். "கணக்கு தப்பில்ல. குழாய்க்க உள்ள ஒரு துவர்த்து இருக்கு."

"என்ன துவர்த்து?"

"எனக்க துவர்த்து. நேத்து சீட்டி அடிச்சுது. இப்பம் ஊர்லருந்து ஒனக்க அத்தெ வீடியோல கூப்பிட்டு ஜன்னலு அடைக்கும்பம்தான் ஓர்மை வந்துது."

அவள் என்னைப் பார்த்தாள். அடுத்த நொடி டீ தரையில் இருந்தது, அவள் உள்ளே இருந்தாள்.

7

நீள மூக்குக் குறடால் அதை வெளியே இழுத்தாள். முழம் முழமாக வந்தது. கெவின் கையில் பாதி தின்ற இறைச்சி வடையோடு வாசலில் நின்று, ஒரு காரின் வாயிலிருந்து துணி வருவதைப் பார்த்துக்கொண்டிருந்தார். துவர்த்து முழுக்க வெளியே வந்ததும் அவர் என்னைப் பார்த்தார்.

"மிஸ்டர் பூ," என்றார் தணிவாக, "இவள் பல்கலைக்கழகத்துக்குப் போக வேண்டும் என்பதுதானே உங்கள் ஆசை?"

அவர் கேட்டதற்கு என்ன அர்த்தம் என்று பட்டறையில் இருந்த எல்லோருக்கும் தெரிந்தது. சிவகாமி ஆங்கிலத்தில் படபடவென்று பேச ஆரம்பித்தாள். அன்றைக்கு ஒரு சொல் விடாமல் எனக்குப் புரிந்தது.

"இல்லை கெவின். அப்பா அதற்காகச் செய்யவில்லை. ஓட்டையைக் கண்டால் அவர் அடைப்பார். எங்கள் வீட்டு சலவை அறைக் கதவில் ஒரு துணி இருக்கிறது. குளியலறை ஜன்னலில் ஒன்று இருக்கிறது. தபால் ஓட்டையை அடைத்து எங்கள் குடியுரிமையையே கொஞ்ச நாள் நிறுத்தி வைத்தவர். அவர் ஊர்க் காற்று ஆளைத் தள்ளிவிடும். நான் போயிருக்கிறேன். அங்கே எல்லோரும் இப்படித்தான். என் அத்தை என் ஒரு கால் சாக்ஸை ஜன்னலில் அடைத்துவிட்டார், இன்னும் அது அங்கேதான் இருக்கிறது."

கெவின் வடையைக் கடித்து மென்று, தலையை ஆட்டினார். இந்த இருபத்தோரு வருஷத்தில் இந்த நாட்டில் யாரும் என்னை இவ்வளவு சரியாக அறிமுகப்படுத்தியதில்லை. மகள் என்னை ஏறிட்டே பார்ப்பதில்லை என்று பகவதியிடம் எத்தனை நாள் புலம்பியிருக்கிறேன். வீட்டில் எந்த ஓட்டையில் எந்தத் துணி என்பது வரை எண்ணி வைத்திருக்கிறாள்.

மாற்றியதையெல்லாம் பழையபடி மாற்ற நாற்பது நிமிஷம் ஆயிற்று. மூன்று மணி வண்டிக்காரர் வந்து, கையைக் கட்டிக்கொண்டு நின்றார். ஒரே ஒரு தடவைக்குத்தான் நேரம் இருந்தது.

மிதித்தாள். இந்தத் தடவை எஞ்சின் இருமவில்லை. குரல் ஏறிக்கொண்டே போயிற்று, நிற்கும் என்று நினைத்த இடத்தில் நிற்காமல் இன்னும் ஏறியது. என் காலடியில் தரை நடுங்கியது. மூன்று மணிக்காரர் தொப்பியைக் கழற்றினார். நான் என்னை அறியாமல் "போ, போ" என்று சொல்லிக்கொண்டிருந்தேன், எந்தக் கட்சி என்பதையே மறந்து.

திரையில் நூற்று முப்பத்தொன்பது.

கெவின் தொண்டையைச் செருமி, நூற்று நாற்பது என்றே எழுதிவிடட்டுமா, யார் பார்க்கப் போகிறார்கள் என்றார். சிவகாமி வேண்டாம் என்று தலையசைத்தாள். என் பக்கம் திரும்பினாள்.

"ஒண்ணு கொறயுதுப்பா."

விட்டுக்கொடுக்கச் சொல்லவில்லை. கணக்கை மட்டும் சொன்னாள்.

"அந்த ஒண்ணு எனக்க அபராதம்," என்றேன். "துவர்த்து வச்சதுக்கு ஒரு குதிரெ நான் கெட்டுதேன். கையெழுத்து எங்க போடணும்?"

படிவம் கெவினின் மேஜையில் தயாராக இருந்தது. ஏழு பக்கம். விசிறியை யாரும் நிறுத்தவில்லை. கெவினின் மற்ற காகிதங்களெல்லாம் பறந்து போயின. என் முழங்கைக்குக் கீழிருந்த ஏழு பக்கமும் அசையவில்லை. குடும்பப் பெயர் என்ற கட்டத்தில் அப்பா பெயரை எழுதினேன். பயிற்சி பெறுபவரின் குடும்பப் பெயர் என்ற கட்டத்திலும் அதையே எழுதினேன். திங்கட்கிழமையிலிருந்து பட்டறையில் பூதலிங்கம் என்று கூப்பிட்டால் என் மகள் திரும்பிப் பார்க்கப் போகிறாள். வயலையும் மாட்டையும் தவிர வேறொன்றும் அறியாத அப்பாவுக்கு இது தெரிந்தால் என்ன சொல்வார் என்று யோசித்தேன். எத்தனை குதிரை என்றுதான் கேட்பார்.

8

திரும்பும்போது நெடுஞ்சாலை வழியாக வந்தோம். சிவகாமி ஓட்டினாள். முன்னாலிருந்து குழாயின் சீட்டி மறுபடி ஆரம்பித்தது. நான் இரண்டு கையையும் தொடைக்குக் கீழே வைத்துக்கொண்டேன். துவர்த்து எங்களுக்கு நடுவில் கறுப்பாகச் சுருண்டு கிடந்தது.

கொஞ்ச தூரம் போன பிறகு கேட்டாள்.

"அத்தெ எத்தனை மணிக்கு கூப்பிட்டா?"

"ஒண்ணரைக்கு."

"நீ எனக்கிட்ட சொன்னது ரெண்டு மணிக்கு."

நான் ரோட்டைப் பார்த்தேன்.

"அந்த அரை மணிக்கூறு என்ன செஞ்ச?"

"டீ குடிச்சேன்."

"அரை மணிக்கூறா?"

"சூடா இருந்துது."

அவள் கியரை மாற்றினாள். சீட்டி இன்னும் கூடியது.

"சொல்லாம இருந்திரலாமுன்னு நெனச்சேன், மக்களே," என்றேன்.

"தெரியும்," என்றாள். ஓரக்கண்ணால் பார்த்தேன். கோபமாகத்தான் இருந்தாள், ஆனால் கதவைச் சாத்திக்கொள்ளும் கோபம் இல்லை.

நெடுஞ்சாலை முடிந்து வீட்டுப்பக்கம் திரும்பும் சிக்னலில் வண்டி நின்றது. சிவப்பு. குளிர்காலக் காற்று குறுக்கே அடித்தது. என் பக்கத்துச் சின்ன முக்கோணக் கண்ணாடியில், ஐம்பது வருஷத்து ரப்பர் பிய்ந்த இடத்தில், வேறொரு சீட்டி கிளம்பியது. என் விரல்கள் தொடைக்கடியில் துடித்தன. நான் அசையவில்லை.

சிவகாமி துவர்த்தை எடுத்தாள். சுருட்டினாள். என் மடிக்கு மேலாகக் கையை நீட்டி, அந்த இடுக்கில் இரண்டு விரலால் திணித்தாள், வெளியே நுனி தெரியாமல். சத்தம் நின்றது.

"அப்பா, இதாக்கும் தொளை," என்றாள். முன்பக்கம் எஞ்சினை நோக்கிக் கையைக் காட்டினாள். "அது மூக்கு."

பச்சை விழுந்தது.